கீபோர்டு வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

பொண்ணுக்குக் கீபோர்டு வாங்கப் போனப்போ, 'நூத்துக்கணக்குல டோன், ரிதம் சார்'னு கடைக்காரர் சொன்னதுல மயங்கிட்டேன். மூணாவது வாரம் டீச்சர், "இந்த இடத்துல மெதுவா வாசிம்மா"ன்னாங்க. பாவம், தடவிப் பார்த்தா, ஓங்கிக் குத்திப் பார்த்தா. ஒரே சத்தம்தான். "எனக்குத்தாம்ப்பா வரலை"ன்னு அழுதா. தப்பு என்னோடது.

மெதுவாவும் சத்தமாவும் வாசிக்க முடிஞ்சதாலதான் அதுக்குப் பியானோஃபோர்ட்டேன்னே பேர் வெச்சாங்க, சுருக்கமா பியானோ. கீபோர்டுல இதுக்குப் பேரு டச் ரெஸ்பான்ஸ். அது இல்லாததை எத்தனை ரிதம் இருந்தாலும் வாங்காதீங்க.

பட்ஜெட் இடிக்குதா? செகண்ட் ஹேண்ட் பாருங்க. ஆனா மாடல் நம்பரைக் கவனிங்க. கேஸியோ சிடி-எஸ்200ல இந்த வசதி கிடையாது, சிடி-எஸ்300ல உண்டு. யமஹா பிஎஸ்ஆர்-இ273ல இல்லை, இ373ல உண்டு. நாலுமே 61 கட்டைதான், ஆரம்பத்துக்குத் தாராளம். பியானோவேதான் கத்துக்கணும்னா, கொஞ்சம் காசு சேர்த்து 88 கட்டை, ஹேமர் ஆக்‌ஷன் உள்ளதா வாங்குங்க.

கடையில டெமோ பட்டனை அமுக்கினா எல்லாமே இளையராஜாதான். அதை விட்டுட்டு, ஒரே கட்டையை மெதுவா ஒரு தடவை, அழுத்தி ஒரு தடவை தட்டிப் பாருங்க. வித்தியாசம் கேக்கலைன்னா திரும்பி வந்துடுங்க. குழந்தை அழறதைவிட கடைக்காரர் முறைக்கிறது எவ்வளவோ தேவலை!