எரிந்த மாட்யூலோடு இயந்திரமும் சாக வேண்டாம்



மின்கழிவு குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையை முழுமையாக ஏற்கிறேன். வெல்டிங் இன்வெர்ட்டர்களைப் பழுதுபார்க்கும் தொழில் என்னுடையது. பவர் மாட்யூல் எரிந்து, அந்த மாட்யூலின் தயாரிப்பும் நின்றுவிட்டால், நல்ல நிலையிலுள்ள மின்மாற்றியும் கன்ட்ரோல் போர்டும் சேர்ந்தே காயலான் கடைக்குப் போகின்றன.

அப்படிக் கைவிடப்பட்ட ஓர் இயந்திரத்துக்கு, எரிந்த மாட்யூலுக்குப் பதிலாக, ஐஜிபிடி எனும் மின் சுவிட்சுகளையும் டையோடுகளையும் தனித்தனியாக வாங்கி, மைக்கா தகடு வைத்து ஹீட் சிங்க்கில் பொருத்தினேன். டிசி இணைப்புகள் நீண்டால், ஐஜிபிடி அணையும் கணத்தில் எழும் மின்னழுத்தம் அதையே உடைத்துவிடும். ஆகவே கம்பிகளைக் குட்டையாக்கி, அருகிலேயே ஸ்னப்பர் கெப்பாசிட்டர் சேர்த்தேன். முதலில் குண்டு பல்பைத் தொடரில் இணைத்துச் சோதித்தேன். இயந்திரம் இன்றும் உழைக்கிறது. சர்க்யூட் வரைபடம் கிடைத்திருந்தால் பாதி உழைப்பு மிச்சமாகியிருக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/1784 விதிமுறைப்படி, வெல்டிங் இயந்திரத்தின் ஒரு மாடல் தயாரிப்பு நின்ற பிறகும் குறைந்தது 10 ஆண்டுகளுக்கு முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும். நம் நாட்டிலும் அத்தகைய விதி தேவை. உதிரிபாகம் தர இயலாத நிறுவனங்கள் வரைபடத்தையாவது வெளியிட வேண்டும். ஐடிஐ மாணவர்களுக்கு இப்பழுதுநீக்கத்தைச் செய்முறையாகவே கற்பிக்கலாம்.

– ஒரு வாசகர், கோயம்புத்தூர்