வண்டி ஓட்டும்போது போன் வேண்டாம், தலைமையே கூப்பிட்டாலும்!

தோழர்களே,

தோளுக்கும் காதுக்கும் நடுவுல போனை இடுக்கிக்கிட்டு, தலையைச் சாய்ச்சபடி பைக் ஓட்டுறவங்களைத் தினமும் பார்க்கிறோம். ஹெல்மெட்டுக்குள்ள போனைச் செருகிப் பேசுறவங்களையும் பார்க்கிறோம். உண்மையைச் சொல்லணும்னா, அதுல நம்ம ஆட்களும் இருக்காங்க.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் ஓடிவிடும். வாட்ஸ்அப்பில் என்ன வந்திருக்கு என்று 3 நொடி குனிந்து பார்த்தால், 50 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். அந்த 50 மீட்டருக்குள் ஒரு பள்ளிக்கூட வாசல் இருக்கலாம்.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே நமக்குத்தான் முதலிடம். எல்லாமே போனால் வந்தவை அல்ல. ஆனால் மோசமான சாலையைச் சரிசெய்ய நாம் போராட வேண்டும். போனைப் பையில் வைக்க யாரிடமும் போராட வேண்டியதில்லை.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவுப்படி, போனைக் கையில் பிடித்தபடி ஓட்டுவது ஆபத்தான ஓட்டுதல். நம் மாநிலத்தில் முதல் முறை 1,000 ரூபாய் அபராதம். மறுபடியும் சிக்கினால் 10,000. வழி பார்க்க மட்டும், அதுவும் கவனம் சிதறாத வகையில் போனைப் பயன்படுத்தலாம். ப்ளூடூத்தில் பேசினால் கை சும்மா இருக்கும், மனசு சும்மா இருக்காது.

பொறுப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை. கூட்டத்துக்கு வர்ற வண்டியை ஓட்டுறவருக்கே போன் போட்டு "எங்க வந்துட்டீங்க?"ன்னு கேட்காதீங்க. அவர் எடுக்கலைன்னா கோபப்படாதீங்க. "ஓட்டிக்கிட்டு இருக்கேன்"னு சொன்னா உடனே வச்சிடுங்க. ஊர்வலத்துல பைக் ஓட்டிக்கிட்டே லைவ் போடுறதும் இனி வேண்டாம். கொடி கட்டின வண்டி பிடிபட்டால் அபராதத்தைக் கட்டிட்டு வாங்க. கட்சிப் பேரைச் சொல்லி யாரும் சிபாரிசுக்குப் போகக் கூடாது.

பேசியே ஆகணும்னா ஓரமா நிறுத்திப் பேசுங்க. கூட்டத்துக்குப் பத்து நிமிஷம் லேட்டா வந்தாலும் பரவாயில்லை. பத்திரமா வாங்க. வீட்டுல உங்களுக்காகக் காத்திருக்காங்க.

#ஓட்டும்போது_போன்_வேண்டாம்
#சாலைப்பாதுகாப்பு