திருப்பத்தில் வரும் சத்தத்துக்கு ரோட்டைத் திட்டாதீங்க

ஊருக்குப் போய் மறையூர், மூணாறு சுற்றிவிட்டு வந்தவர்களின் புலம்பல் இந்த விடுமுறைக்கும் தவறாமல் வந்தாச்சு. "சின்னாறு தாண்டினதுல இருந்து ஒவ்வொரு திருப்பத்துலயும் வண்டி கடக் கடக்குன்னுச்சு, ரோடு அவ்வளவு மோசம்." ஐயா, ரோடு மோசமாகவே இருக்கட்டும். நேராகப் போகும்போது வாயை மூடிக்கொண்டு வருகிற வண்டி ஸ்டியரிங்கைத் திருப்பினால் மட்டும் கத்துகிறது என்றால் அதற்கு ரோடு என்ன செய்யும்?

சமவெளியில் இருக்கும் உடுமலையிலிருந்து சுமார் 1000 மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்க மறையூருக்கு ஏறுகிறோம். அங்கிருந்து மூணாறுக்கு இன்னும் 40 கிலோமீட்டர், அதுவும் வளைவுதான். இடப்பக்கம் திரும்பினால் வண்டியின் கனம் வலப்பக்கச் சக்கரங்களில் இறங்கும். முன்பக்க ஸ்ட்ரட், ஸ்பிரிங்கோடு சேர்ந்து சுழலும். கீழே பால் ஜாயிண்ட் திரும்பும். ஆக்சில் முனையில் இருக்கும் சி.வி. ஜாயிண்ட் வளைந்த நிலையிலேயே இழுக்கும். நேர்ரோட்டில் ஒளிந்துகொண்டிருந்த தேய்மானம் இங்கேதான் மாட்டும்.

இதில் நம்ம வெளிநாட்டு ஆட்களின் வண்டி தனி ரகம். அப்பா அம்மாவுக்காக என்று வாங்கிவிட்டு, 11 மாசம் ஷெட்டில் நிறுத்தி வைக்கிறோம். ரப்பரெல்லாம் காய்ந்து வெடிக்கிறது. பன்னிரண்டாம் மாசம் ஏழு பேரை ஏற்றி, திரும்பி வரும்போது டிக்கி நிறைய மறையூர் வெல்லத்தையும் ஏற்றி (2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய வெல்லமாக்கும்!) மலை இறக்குகிறோம். சத்தம் வந்தால் பாட்டைக் கூட்டி வைக்கிறோம். லீவு முடிந்து நாம் விமானம் ஏறிவிடுவோம், அதே வண்டியில் அப்பா தனியாகப் போவார்.

இன்னொரு கோஷ்டி சர்வீஸ் சென்டர்காரர்கள். போன தடவை சொந்தக்காரர் வண்டியைக் கொண்டுபோன இடத்தில் (பெயர் வேண்டாம்) "சஸ்பென்ஷன் சத்தம்" என்று இரண்டே வார்த்தை எழுதிக்கொண்டார்கள். நேர்ரோட்டில் ஒரு கிலோமீட்டர் ஓட்டினார்கள். இரண்டு ஸ்ட்ரட், இரண்டு லோயர் ஆர்ம், லிங்க், புஷ் என்று பட்டியல் நீட்டினார்கள். எதில் சத்தம் என்று கேட்டேன். "எல்லாத்தையும் மாத்திட்டா சத்தம் வராது சார்." இதைச் சொல்ல மெக்கானிக் எதற்கு? இங்கே டொராண்டோவிலும் இந்த ரகம் உண்டு, என்ன, பட்டியலை அழகாக பிரிண்ட் எடுத்துத் தருவார்கள்.

கண்டுபிடிப்பது ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, மெதுவாக ஆக்சிலரேட்டர் கொடுத்து வட்டமடியுங்கள். டக் டக் டக் என்று சீராக, வேகத்தோடு கூடினால் சி.வி. ஜாயிண்ட். சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருந்தால் சந்தேகமே வேண்டாம், ரப்பர் பூட் கிழிந்திருக்கிறது. சத்தம் வருமுன் பார்த்திருந்தால் பூட்டும் கிரீஸும் மாற்றினாலே போதும். சத்தம் வந்துவிட்டால் ஜாயிண்டையே மாற்ற வேண்டியதுதான். நின்ற இடத்தில் ஸ்டியரிங் திருப்பும்போதே 'டொய்ங்' என்று ஸ்பிரிங் துள்ளுகிறதா? பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட் தலையில் கை வைத்துக்கொண்டு இன்னொருவரைத் திருப்பச் சொல்லுங்கள். உதறல் கையிலேயே தெரியும். மேல் மவுண்ட் பேரிங். இடப்பக்கம் வளையும்போது உறுமல் கூடி, வலப்பக்கம் வளையும்போது குறைந்தால் பெரும்பாலும் வலப்பக்க வீல் பேரிங். பள்ளத்தில் ஏறி வளையும்போது லொட லொட என்றால் முதலில் ஸ்டெபிலைசர் லிங்க்கைப் பாருங்கள். விலை குறைந்த சாமான், அதற்காக யாரும் பயணத்தை நிறுத்த வேண்டாம்.

பால் ஜாயிண்ட் அப்படி இல்லை. வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்டாக இருக்கலாம். பக்கவாட்டில் ஆடினால் டை ராட் எண்ட். இந்த இரண்டில் எது தேய்ந்திருந்தாலும் மலை ஏறாதீர்கள். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடங்கிப் போகும், அப்புறம் ஸ்டியரிங் கையில் இருந்தும் பிரயோஜனமில்லை. ஒரு பக்கம் பள்ளத்தாக்கு.

மறையூர், காந்தல்லூர் ஜீப் டிரைவர்களைப் பாருங்கள். புதுசாக ஒரு சத்தம் கேட்டால் நிறுத்தி இறங்கிக் குனிந்து பார்க்கிறார்கள். ஷாக்கிள் புஷ்ஷா, யு-போல்ட்டா என்று காதாலேயே பாதி சொல்லிவிடுவார்கள். அதற்காக அவர்களும் சாமியில்லை. கிறீச் என்றால் டீசலையோ பழைய ஆயிலையோ அடிப்பது அங்கேயும் நடக்கிறது. அது ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும் வேலை. இரண்டு நாள் சத்தம் அடங்கும், இரண்டு மாசத்தில் புஷ் போய்விடும்.

சரி, சாமானைச் சரியாகவே கண்டுபிடித்து மாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டை, வண்டி லிஃப்டில் தொங்கும்போதே கடைசி முறுக்கு முறுக்கிவிடுகிறார்கள். சக்கரம் தரையில் ஊன்றியதும் அந்த ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையிலேயே கிடக்கும், சீக்கிரமே கிழியும். வண்டியின் கனம் சக்கரத்தில் இருக்கும்போதுதான் கடைசி முறுக்கு. ஸ்ட்ரட் மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து. ஸ்ட்ரட், டை ராட் எதில் கை வைத்தாலும் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். இதையெல்லாம் பக்கத்தில் நின்று கேளுங்கள். "வெயிட்டிங் ரூம்ல உட்காருங்க சார், காபி வரும்" என்பார்கள். காபியை வாங்கிக்கொண்டு அங்கேயே நில்லுங்கள். வேலை முடிந்ததும் அதே ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்து, நேர்ரோட்டில் வேண்டாம், முதலில் எந்தப் பக்கம் திருப்பியபோது சத்தம் வந்ததோ அந்தப் பக்கம் முழுசாகத் திருப்பி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பில்லில் கையெழுத்து அதற்கப்புறம் போட்டால் போதும்.