இடது மேலறையின் அளவையும் எழுதுங்கள்

மைட்ரல் வால்வு சுருங்கிய ஒருவருக்கு எக்கோ எடுத்து முடித்ததும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, ஆபரேஷன் வேண்டுமா என்பதுதான். வால்வின் திறப்பு எத்தனை சதுர சென்டிமீட்டர், கசிவு உண்டா, இதயத்தின் வலு எப்படி என்று பார்த்து மருத்துவர் விடை சொல்கிறார். சுருக்கம் முற்றவில்லை என்றால், மாத்திரை எழுதிக் கொடுத்து அடுத்த வருடம் வரச் சொல்கிறார். இந்த இடைப்பட்ட காலத்தில்தான் பல குடும்பங்களில் பேரிடி விழுகிறது. வால்வு ஆபரேஷன் கட்டத்துக்கு வரும் முன்பே இதயத்தின் தாளம் கெடுகிறது. ஒருநாள் காலையில் வாய் கோணி, ஒரு பக்கக் கையும் காலும் விழுந்துவிடுகின்றன. அந்த ஆபத்து நெருங்குகிறதா என்பதைக் காட்டும் தடயம், ஏற்கெனவே எடுத்த எக்கோவிலேயே இருக்கிறது. அதை அளந்து, எழுதி, அதன்படி நோயாளியைத் தொடர்ந்து கவனிப்பதை அரசு மருத்துவமனைகளில் கட்டாயமாக்க வேண்டும் என்பதும், மஞ்சக்குப்பத்தில் அரசு தலைமை மருத்துவமனையையும் சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரியையும் வைத்திருக்கும் கடலூர் மாவட்டத்திலிருந்தே அதைத் தொடங்கலாம் என்பதும் நம் நிலைப்பாடு.

நோயின் போக்கைப் பார்த்தாலே இதன் நியாயம் விளங்கும். சிறுவயதில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டைப் புண்ணுக்குச் சரியான மருந்து கிடைக்காவிட்டால், சில பிள்ளைகளுக்கு அது ருமாட்டிக் காய்ச்சலாகிறது. உடலின் எதிர்ப்புச் சக்தியே வால்வைத் தாக்கித் தடிக்கச் செய்கிறது. நெருக்கமான வீடுகளிலும் வைத்தியம் எட்டாத இடங்களிலும் வளரும் பிள்ளைகளையே இது அதிகம் பிடிக்கிறது. மைட்ரல் சுருக்கம் ஆண்களைவிடப் பெண்களுக்கே கூடுதல். கர்ப்ப காலத்தில் மூச்சு வாங்கும்போதுதான் பலருக்கு அது முதன்முதலாகத் தெரியவருகிறது. 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வரை திறக்க வேண்டிய வால்வு ஒன்றரைக்கும் கீழே சுருங்கும்போது, ரத்தம் இறங்க வழியின்றி இடது மேலறையில் தேங்குகிறது. அறை விரிகிறது, சுவரில் தழும்பு படிகிறது, மின் துடிப்புகள் வழிதவறிச் சிதறுகின்றன. ஒரே சீராகச் சுருங்க வேண்டிய அறை வெறுமனே நடுங்கத் தொடங்குகிறது. இதுதான் ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன். நடுங்கும் அறையில் தேங்கிய ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். வால்வு நோய் இல்லாதவருக்கு இந்தத் தாளக் கோளாறு வந்தால் பக்கவாத ஆபத்து சுமார் 5 மடங்கு. ருமாட்டிக் மைட்ரல் சுருக்கத்தோடு வந்தால் 17 மடங்கு. இது அமெரிக்காவின் ஃபிரமிங்ஹாம் ஆய்வு 1978-லேயே சொன்ன கணக்கு.

தாளம் கெடுவதற்கு முன்பே அறை விரிகிறது. விரிவதற்கும் முன்பே அதன் சுவர் விறைக்கிறது. எக்கோவில் இவ்விரண்டையும் பார்க்க முடியும். நோயாளியை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, நெஞ்சில் ஜெல் தடவி, மார்பெலும்பின் இடதோரம் கருவியை வைக்கிறார்கள். படத்தை நிறுத்தி, இடது மேலறையின் முன்சுவரிலிருந்து பின்சுவர் வரை ஒரு கோடு இழுத்தால் அகலம் தெரிந்துவிடும். சாதாரணமாக அது சுமார் 40 மில்லிமீட்டருக்குள் இருக்கும். அது 50-ஐத் தாண்டினாலோ, அறையின் கொள்ளளவு உடல் பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 60 மில்லிலிட்டரைத் தாண்டினாலோ, மைட்ரல் சுருக்க நோயாளிக்குத் தாளம் சீராக இருக்கும்போதே ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுப்பதைப் பரிசீலிக்கலாம் என்கின்றன ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் நெறிமுறைகள். புதிய கருவிகள் இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு துடிப்பிலும் மேலறைச் சுவர் எத்தனை சதவீதம் நெகிழ்கிறது என்று கணக்கிடுகின்றன. அறிகுறி ஏதும் இல்லாத சுமார் நூறு ருமாட்டிக் மைட்ரல் சுருக்க நோயாளிகளை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2013-இல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்றில், யாருக்குத் தாளம் கெடும் என்பதை இந்த நெகிழ்வு குறைவே தெளிவாக முன்னறிவித்தது.

தாளக் கோளாறைக் கண்டுபிடிக்க ஈ.சி.ஜி. போதாதா என்று கேட்கலாம். ஈ.சி.ஜி. மலிவானது, எல்லா இடத்திலும் இருப்பது. அதை விடச் சொல்லவில்லை. ஆனால் அது எடுக்கும் சில நொடிகளில் ஓடும் தாளத்தை மட்டுமே காட்டும். இந்தக் கோளாறு ஆரம்பத்தில் வந்து வந்து போவது. மருத்துவமனை வாசலில் சீராக இருக்கும் தாளம் இரவில் வீட்டில் குலையலாம். யாருக்கு அடிக்கடி ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், யாருக்கு ஒரு நாள் முழுக்க ஹோல்டர் கருவியைக் கட்டிப் பார்க்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்க எக்கோவின் அளவு கை கொடுக்கும். கூட்டம் நிரம்பிய அரசு மருத்துவமனையில் எல்லோருக்கும் எல்லாப் பரிசோதனையும் செய்ய முடியாது என்பதாலேயே இந்தத் தேர்வு முக்கியமாகிறது.

முன்னறிவிப்பு உறுதியானதல்ல என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. நெகிழ்வு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. கருவிக்குக் கருவி அளவு மாறும். நோயாளியின் வயதும் தாளக் கோளாறைத் தீர்மானிப்பதில் பெரும் பங்கு வகிக்கிறது. இவை அத்தனையும் உண்மை. ஆனால் கடலூர் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும்போதெல்லாம் புயல் இங்கே கரையைக் கடப்பதில்லை; அதற்காகக் கூண்டே வேண்டாம் என்று எந்த மீனவரும் சொல்வதில்லை. அறை விரிந்திருப்பதாலேயே எல்லோருக்கும் மாத்திரை கொடுக்கச் சொல்லவில்லை. அவர்களை அடிக்கடி வரவழையுங்கள், நாடியைப் பாருங்கள், மாத்திரை தேவையா என்று மருத்துவர் யோசித்து முடிவெடுக்கட்டும் என்கிறோம். நெகிழ்வைக் கணக்கிடும் மென்பொருள் இல்லாத இடத்தில் அகலத்தையும் கொள்ளளவையும் எழுதினால்கூடப் போதும். 'இடது மேலறை பெரிதாகியுள்ளது' என்று வெறும் வார்த்தையில் முடிக்கும் அறிக்கையை வைத்து, போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் என்ன வித்தியாசம் என்று யாராலும் ஒப்பிட முடியாது. எண் இருந்தால் முடியும்.

மூன்றாவது ஆட்சேபம் மருந்தைப் பற்றியது. ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின், அசிட்ரோம் மாத்திரைகள் அளவு கூடினால் ரத்தக் கசிவில் கொண்டுபோய் விடும், குறைந்தால் பயனில்லை. ரத்தம் உறையும் வேகத்தை அளக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும். அந்தத் தொல்லை இல்லாத புதிய மாத்திரை இதற்கு மாற்றாகும் என்ற எதிர்பார்ப்பை 2022-இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வு பொய்யாக்கியது. இந்தியா உட்பட 24 நாடுகளில் 4,500-க்கும் மேற்பட்ட ருமாட்டிக் இதய நோயாளிகளிடம் நடந்த அந்த ஆய்வில், ரிவரோக்சபான் என்ற அந்தப் புதிய மாத்திரையை எடுத்தவர்களைவிடப் பழைய வகை மாத்திரை எடுத்தவர்களிடமே இறப்பு குறைவு. அப்படியென்றால், விலை குறைந்த பழைய மாத்திரையையே பாதுகாப்பாகக் கொடுக்க வழி செய்ய வேண்டும். திட்டக்குடியிலிருந்தும் காட்டுமன்னார்கோவிலிலிருந்தும் ஒரு துளி ரத்தப் பரிசோதனைக்காக ஒரு நாள் கூலியை இழந்து பஸ் ஏறி வர வேண்டியிருந்தால், மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. விரல் நுனியில் குத்தி நிமிடங்களில் ஐ.என்.ஆர். சொல்லும் சிறு கருவி ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வர வேண்டும்.

செய்ய வேண்டியவை தெளிவானவை. எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும் பொதுவான எக்கோ அறிக்கைப் படிவம் வேண்டும். அதில் இடது மேலறையின் அகலமும் கொள்ளளவும் நிரப்பாமல் விட முடியாத கட்டங்களாக இருக்க வேண்டும். மாவட்ட அளவில் வால்வு நோயாளிகள் பதிவேடு வேண்டும். குறித்த நாளில் வராதவரைத் தேடிப் போக வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு தேடி வரும் ஊழியர், பதிவேட்டில் உள்ளவரின் மணிக்கட்டில் ஒரு நிமிடம் விரல் வைத்துத் துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கப் பழகிக்கொள்ளலாம். கையடக்க எக்கோ கருவிகளும் ஸ்கேன் கருவிகளே என்பதால், அவற்றைக் கிராமங்களுக்குக் கொண்டுபோக, கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டுப்பாடுகள் குறுக்கே நிற்கின்றன. பெண் சிசுவைக் காக்கும் அந்தச் சட்டத்தை ஒரு நூல்கூடத் தளர்த்தக் கூடாது. பதிவு பெற்ற அரசு மையங்களுக்கு நோயாளிகளை அழைத்து வருவதே இப்போதைக்குச் சரியான வழி.

ருமாட்டிக் இதய நோய் குறைந்துவருகிறது, இதற்கு ஏன் இத்தனை ஏற்பாடு என்ற குரலும் எழும். வசதியுள்ள வீடுகளில் குறைந்தது உண்மை. 2018-இல் உலக சுகாதாரப் பேரவை இந்த நோய்க்கெனத் தனித் தீர்மானம் நிறைவேற்ற நேர்ந்ததற்குக் காரணம், ஏழை வீடுகளில் அது இன்னும் போகவில்லை என்பதே. முதுமையில் வரும் வால்வு கசிவிலும் இடது மேலறை விரிந்து தாளம் கெடுவதுண்டு. ஆகவே இந்த ஏற்பாடு முதியோருக்கும் பயன்படும். உழைத்துச் சாப்பிடும் குடும்பத்தில் முப்பது, நாற்பது வயதுப் பெண் ஒருத்தி பக்கவாதத்தில் படுத்துவிட்டால், அவளைப் பார்த்துக்கொள்ளப் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்பது பெரும்பாலும் அவள் மகள்தான். அந்த இழப்போடு ஒப்பிட்டால் ஒரு படிவம், ஒரு பதிவேடு, சில பரிசோதனைக் கருவிகள் ஆகியவற்றின் செலவு அற்பம். மக்கள் நல்வாழ்வுத் துறை இதற்கான ஆணையைத் தாமதமின்றிப் பிறப்பிக்க வேண்டும். முதல் பதிவேடு கடலூர் மாவட்டத்தில் திறக்கப்பட வேண்டும்.