மிதித்த காலை எடுக்கலாமா?

இரத்தினபுரிப் பக்கத்து மழையைப் பற்றி வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆண்டொன்றுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் பொழியும் பிரதேசம் அது. அத்தகைய மழைநாளொன்றில், பெல்மதுளையிலிருந்து பலாங்கொடைக்கு நம் பழைய மாணவர் ஒருவரின் வானிற் சென்றோம். தோட்டத்துப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்லும் வான் அது. விடுமுறையாதலால் அன்று பிள்ளைகள் இல்லை.

வளைவில் மாடொன்று குறுக்கிட்டது. மாணவர் பிரேக்கை மிதித்தார், உடனே காலை எடுத்தார், மீண்டும் மிதித்தார். மாடு தப்பியது. வான் கானின் விளிம்பிற் போய் நின்றது.

“சேர், பிரேக் காலடியில் உதறியது; உடைந்ததோவென்று பயந்துவிட்டேன். விட்டு விட்டு மிதிக்கத்தான் அப்பாவும் பழக்கினார்” என்றார். தந்தையார் தோட்டத்து லொறிச் சாரதி.

தந்தையார் சொன்னது பழைய லொறிக்குச் சரியே. ஈரத்தில் ஒரேயடியாக மிதித்தால் சக்கரம் சுழலாது இறுகிவிடும். இறுகிய சக்கரம் வழுக்குமேயன்றி, ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் திரும்பாது. ஆகவே விட்டு விட்டு மிதித்தனர்.

1978இல் ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் ஆக்கி, மெர்சிடிஸ் கார்களிற் பொருத்தப்பட்ட ஏ.பி.எஸ். முறை அவ்வேலையைத் தானே செய்கின்றது. சக்கரம் இறுகப் போவதை உணர்கருவி அறிந்ததும், பிரேக்கின் அழுத்தம் விநாடிக்குப் பலமுறை தளர்ந்து இறுகும். காலடியில் உணரும் உதறல் அதுவே. பழுதன்று, வேலை நடப்பதற்கு அடையாளம். ஜப்பானிலிருந்து வரும் பாவித்த வான்கள் பலவற்றிலும் இம்முறை உண்டு.

ஆகவே அபாய வேளையில் முழுப்பலத்துடன் மிதித்து, வண்டி நிற்கும் வரை காலை எடுக்காதிருக்க வேண்டும். பார்வை வழியில் இருக்கட்டும். ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பாமல், தடையை விலக்கிச் செலுத்தலாம்.

எனினும் இக்கருவி மந்திரமன்று. தேய்ந்த டயருக்கு அது பிடிமானம் தராது. தோட்டத்துச் சரளைப் பாதையில் வண்டி நிற்கும் தூரம் கூடவுங்கூடும். யட்டியாந்தோட்டை, கித்துல்கலைப் பக்கத்து நீண்ட இறக்கங்களிற் சிறிய கியரில் இறங்குவதே அறிவுடைமை. வண்டியைக் கிளப்பிய பின்னும் ஏ.பி.எஸ். விளக்கு அணையாவிடின் அம்முறை வேலை செய்யவில்லை என்பது பொருள். பழுது பார்க்கும் வரை தந்தையாரின் பாடமே துணை.

1980களில் மியூனிக் நகரில் வாடகைக் கார்களில் ஒரு பகுதிக்கு மட்டும் இதனைப் பொருத்தி ஆராய்ந்தனர். அவற்றின் விபத்துக்கள் குறையவில்லை! கருவியை நம்பிச் சாரதிகள் துணிந்து ஓட்டியமையே காரணமெனக் கண்டனர். வேகத்தையும் முன்வண்டியுடனான இடைவெளியையும் கருவி கவனிக்காது. சாரதியே கவனிக்க வேண்டும்.

மறுநாள், ஆளற்ற நேரான தார்வீதியில், 30 கிலோமீற்றர் வேகத்தில் மாணவர் மிதித்துப் பழகினார். முதலிரு முறையும் உதறல் கண்டு கால் பின்வாங்கியது. மூன்றாம் முறை அசையவில்லை. திங்கட்கிழமை பிள்ளைகள் அவ்வானில் ஏறினர்.