ஓர் இரவு தங்குபவரும் வாடிக்கையாளரே!

கேரவன் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது படப்பிடிப்புத் தளத்தில் நடிகர் நடிகைகள் ஓய்வெடுக்கும் வண்டிதான். ஆஸ்திரேலியாவில் அது நடுத்தரக் குடும்பத்தின் உடைமை. காரின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துச் செல்லும் சிறிய வீடு. உள்ளே படுக்கை, அடுப்பு, சிறிய குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. பலவற்றில் கழிப்பறையும் இருக்கும். இப்படி இழுத்துச் செல்வனவும், எஞ்சினோடு சேர்ந்த வீட்டு வண்டிகளுமாக அந்நாட்டில் பதிவு பெற்றவை ஏழு லட்சத்துக்கும் அதிகம். மக்கள் தொகையோ மூன்று கோடியைத் தொடவில்லை. பணி ஓய்வு பெற்ற தம்பதியர் வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் இந்த வண்டியிலேயே நாட்டைச் சுற்றுகிறார்கள். 'நரைத்த நாடோடிகள்' என்றே அங்கு அவர்களுக்குச் செல்லப்பெயர்.

வணிகர் இதழில் இவர்களுக்கு என்ன வேலை என்று உறுப்பினர்கள் கேட்கலாம். திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த அந்நாட்டுச் சிற்றூர்களில், இந்த வண்டிகளை ஊர்ப் பொது நிலத்தில் ஓர் இரவு நிறுத்தவிடலாமா கூடாதா என்ற கேள்வி வணிகர்களையே இரண்டு கட்சியாகப் பிரித்து வைத்திருக்கிறது. மளிகைக் கடைக்காரர் "விடு" என்கிறார். கேரவன் பூங்கா நடத்துபவர் "விடாதே" என்கிறார். இருவருமே கல்லாவில் உட்கார்ந்து பிழைப்பவர்கள். விட வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலையைக் கொடுக்க வேண்டியவர் யார் என்பதில்தான் எனக்கு மளிகைக் கடைக்காரரோடும் சண்டை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகர் அடிலெய்டு. அங்கிருந்து வடகிழக்கே காரில் சுமார் ஒரு மணி நேரம் போனால் பரோசா பள்ளத்தாக்கு வரும். 1842 முதல் சைலீசியாவிலிருந்து வந்த ஜெர்மன் மொழி பேசும் லுத்தரன் கிறிஸ்தவக் குடும்பங்கள் உழுது உண்டாக்கிய பூமி அது. இன்னும் வடக்கே கிளேர் பள்ளத்தாக்கு. 1983ஆம் ஆண்டுக் காட்டுத்தீயில் சேதமடைந்து மூடப்பட்ட ரயில் பாதையை அங்கே சைக்கிள் பாதையாக மாற்றிவிட்டார்கள். ஆபர்ன் என்ற ஊரிலிருந்து கிளேர் வரை தோட்டங்களுக்கு நடுவே மிதித்துக்கொண்டு போகலாம். தென்கிழக்கில், விக்டோரியா மாநில எல்லைக்கு அருகே கூனவாரா. சுமார் 15 கிலோமீட்டர் நீளமுள்ள குறுகலான செம்மண் பட்டை. அந்த மண்ணுக்காகவே உலகப் பெயர் பெற்ற இடம். பக்கத்து ஊர் பெனோலா. மாலையானால் தைல மரங்களில் கிளிக்கூட்டம் அடையும். வேலிக்கு வெளியே கங்காரு மேயும். நகரத்து இரைச்சலில் வாழ்ந்தவர்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

மது விஷயத்தில் நம் உறுப்பினர்கள் பலருடைய கருத்து நான் அறிந்ததே. இங்கே பேச்சு பாட்டிலைப் பற்றியதல்ல. பாட்டில் வாங்க வந்தவர் ரொட்டியும் பாலும் எங்கே வாங்குகிறார் என்பதைப் பற்றியது.

ஒயின் தயாரிப்பவர்கள் தோட்டத்திலேயே ஒரு கூடம் வைத்து, வருபவர்களுக்குச் சுவை பார்க்கக் கொடுத்து நேரடியாக விற்கிறார்கள். அங்கே வாகனம் ஓட்டுபவர் இரத்தத்தில் மது அளவு 0.05 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது சட்டம். போலீஸ் சாலையில் நிறுத்தி ஊதச் சொல்லும். ஆகவே நாலு தோட்டம் சுற்றியவர் அன்றிரவே ஊர் திரும்ப முடியாது, தங்கித்தான் ஆக வேண்டும். கேரவன் வைத்திருப்பவருக்கு ஓட்டல் அறை தேவையில்லை. வண்டி நிறுத்த ஓரிடம் போதும்.

அந்த வண்டியை எல்லாத் தோட்டத்துக்குள்ளும் விட்டுவிடவும் மாட்டார்கள். திராட்சை வேரைத் தின்னும் பைலோக்சரா என்ற சிறு பூச்சி, சக்கரத்திலும் செருப்பிலும் ஒட்டிய மண்ணோடு பரவக்கூடியது. 1877இல் விக்டோரியாவில் ஜீலாங் அருகே இது கண்டுபிடிக்கப்பட்டது. தெற்கு ஆஸ்திரேலியா கடும் கட்டுப்பாடு விதித்து இன்றுவரை அதை உள்ளே விடாமல் காத்துவருகிறது. 1840களில் நட்ட கொடிகள் பரோசாவில் இன்னும் காய்ப்பது அதனால்தான். கொடி வரிசைக்குள் கால் வைக்காதீர்கள் என்று தோட்டத்துக்குத் தோட்டம் பலகை வைத்திருக்கிறார்கள். ஊருக்குள், கடைத்தெருவுக்கு அருகே வண்டி நிற்பது தோட்டக்காரருக்கும் நிம்மதி.

இந்த வாடிக்கையாளர் எப்படிப்பட்டவர் என்பது நம் தொழிலுக்குப் பழக்கமான கணக்கு. அவரிடம் உள்ள குளிர்சாதனப் பெட்டி சிறியது. ஒரு வாரத்துக்கு மேல் இறைச்சியோ பாலோ கொள்ளாது. சட்டப்படி ஒவ்வொரு கேரவனுக்கும் மொத்த எடை வரம்பு உண்டு. நூறு லிட்டர் தண்ணீர் நிரப்பினாலே நூறு கிலோ ஏறிவிடும். வரம்பை மீறினால் அபராதம், விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகையிலும் சிக்கல். ஆகையால் மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்க அவருக்கு வழியில்லை. ஊருக்கு ஊர், கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியே தீர வேண்டும். ரொட்டி, முட்டை, காய்கறி, ஐஸ் பை, தீப்பெட்டி, கட்டுக் கட்டாக விறகு, காலி காஸ் சிலிண்டரைக் கொடுத்துவிட்டு நிரம்பிய சிலிண்டர். இதில் கடன் பாக்கி கிடையாது, வீட்டுக்கு அனுப்பும் செலவு கிடையாது. சில்லறை வியாபாரிக்கு இதைவிட நல்ல வாடிக்கை எது? (கோடையில் தீ மூட்டத் தடை விதிக்கும் நாட்களில் விறகு மட்டும் அப்படியே தேங்கும். அது அங்குள்ள தொழில் தலைவலி.)

இன்னொன்று. சிட்னியிலிருந்தோ விக்டோரியாவின் மில்டூராவிலிருந்தோ ஸ்டர்ட் நெடுஞ்சாலை வழியே தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழைபவர்கள் யம்பா என்ற சோதனைச் சாவடியில் நிற்க வேண்டும். பழ ஈ பரவாமலிருக்க, கையிலுள்ள பழங்களையும் சில காய்களையும் அங்கேயே ஒப்படைத்துவிட வேண்டும். அதைத் தாண்டி சற்றுத் தொலைவில் ரென்மார்க் ஊர். ஆஸ்திரேலியாவிலேயே மிக அதிக அளவில் ஒயின் திராட்சை விளையும் ரிவர்லேண்ட் பகுதி அது. கூடை காலியாக வரும் குடும்பத்துக்கு முதலில் கண்ணில் படும் காய்கறிக் கடைக்காரரின் நிலையைச் சொல்லவும் வேண்டுமா? சட்டமே வாடிக்கையாளரை அனுப்பி வைக்கிறது!

இத்தனை இருந்தும் பல ஊர்களில் வண்டிகள் நிற்காமல் போய்விடுகின்றன. காரணம் சரக்கிலோ விலையிலோ இல்லை. காரும் கேரவனும் சேர்ந்தால் நாற்பது அடிக்கு மேல் நீளம். அதைக் கடைத்தெருவில் திருப்பவும் நிறுத்தவும் முடியாவிட்டால் ஓட்டுபவர் வேகத்தைக்கூடக் குறைக்காமல் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். இதைப் புரிந்துகொண்டுதான் அந்நாட்டு வீட்டு வண்டிச் சொந்தக்காரர்களின் சங்கம் ஒரு திட்டம் வைத்திருக்கிறது. கடைகளுக்கு அருகே நீள வண்டிகள் நிற்க இடம், குடிநீர், கழிப்பறைத் தொட்டியை இறக்கிச் சுத்தம் செய்ய ஒரு வடிகால் மேடை, ஓரிரு இரவுகள் குறைந்த செலவில் தங்க நிலம், இத்தனையும் தரும் ஊருக்கு 'வண்டி நட்பு ஊர்' என்று சான்று கொடுத்து, ஊர் எல்லையில் பலகையும் வைக்கிறார்கள். இந்தத் தகுதிப் பட்டியலில் மளிகையும் காய்கறியும் வாங்கக் கடை வேண்டும் என்பதும் ஒன்று என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

சண்டை தொடங்குவது இங்கேதான். கேரவன் பூங்கா நடத்துபவர் நிலத்துக்கு வரி கட்டுகிறார். மின் இணைப்பு, குளியலறை, தீத்தடுப்பு, காப்பீடு, ஆட்கூலி எல்லாம் அவர் பொறுப்பு. ஓர் இரவுக்கு 40, 50 டாலர் வாங்குவது சாதாரணம். அவருடைய வேலிக்கு அப்பால், மக்கள் வரிப்பணத்தில் உள்ளாட்சி மன்றம் இலவசமாக இடம் கொடுத்தால் அவர் எப்படிப் பிழைப்பார்? நம் கடை வாசலில் நகராட்சியே பந்தல் போட்டுப் பருப்பும் எண்ணெயும் இலவசமாக விநியோகித்தால் நாம் சும்மா இருப்போமா? அரசு அமைப்பு தனியாரோடு போட்டியிடும்போது செலவுக்கேற்ற கட்டணம் வாங்க வேண்டும் என்ற கொள்கை அந்நாட்டில் இருக்கிறது. பூங்காக்காரர்கள் அதைக் காட்டித்தான் வாதாடுகிறார்கள். அவர்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

மளிகைக் கடைக்காரரின் பதிலும் லேசானதல்ல. இலவச இடம் இல்லாவிட்டால் அந்த வண்டி பூங்காவுக்குப் போகாது, அடுத்த ஊருக்குப் போகும் என்கிறார். சொந்தத் தண்ணீர், சொந்தக் கழிப்பறை, கூரையில் சூரிய மின்தகடு எல்லாம் வைத்திருப்பவர் குளியலறைக்குப் பணம் கொடுக்க மனமில்லாதவர். அவர் வேறு ரக வாடிக்கையாளர் என்பது உண்மைதான். ஆனால் எல்லா வண்டிகளும் அப்படியல்ல. பிள்ளைகளோடு வரும் குடும்பங்களில் ஒரு பகுதி பூங்காவை விட்டு இலவச இடத்துக்கு நகரத்தான் செய்யும். இதைக் கடைக்காரர்கள் ஒப்புக்கொள்வதில்லை. இது எனக்குச் சரியாகப் படவில்லை.

பல ஊர்களில் நடைமுறையில் உள்ள ஒரு நடுவழி இருக்கிறது. ஆண்டுக்கொரு முறை விவசாயக் கண்காட்சி நடக்கும் மைதானம் மற்ற நாட்களில் சும்மா கிடக்கும். அதில் சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு வண்டிகளை விடுகிறார்கள். பணம் கண்காட்சிச் சங்கத்துக்கோ மைதானப் பராமரிப்புக்கோ போகிறது. முற்றிலும் இலவசம் என்பதைவிட இதுவே மேல். இரண்டு இரவுக்கு மேல் கூடாது, சொந்தக் கழிப்பறை உள்ள வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி என்று வரம்பு போட்டால் பூங்காக்காரருக்கும் பாதிப்பு குறையும். அதோடு, வடிகால் மேடையைக் கழுவும் செலவிலும் நீள வண்டி நிறுத்தத்தின் செலவிலும் கடைத்தெரு வணிகர்கள் பங்கு போட வேண்டும். லாபம் கடைத்தெருவுக்கு, நஷ்டம் பூங்காக்காரருக்கு, செலவு பொதுப் பணத்துக்கு என்று மூன்றாகப் பிரிப்பது வணிக தர்மமாகாது.

பங்கு போடும் அளவுக்கு அவர்களிடம் பணம் எங்கே என்று கேட்டால், நிலைமை கஷ்டம்தான். மளிகை விற்பனையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை ஊல்வொர்த்ஸ், கோல்ஸ் என்ற இரண்டே நிறுவனங்கள் வைத்திருக்கின்றன என்று அந்நாட்டுப் போட்டி ஆணையம் 2025ஆம் ஆண்டு அறிக்கையில் கூறியிருக்கிறது. தோட்டக்காரர்களுக்கும் அடி விழுந்தது. ஆஸ்திரேலிய ஒயினுக்குச் சீனா 2020 நவம்பரில் தற்காலிக வரி போட்டு, 2021 மார்ச்சில் அதை 116 முதல் 218 விழுக்காடு வரை என்று உறுதி செய்தது. 2024 மார்ச்சில்தான் நீக்கியது. பெரிய வாடிக்கையாளர் ஒருவரையே நம்பியிருந்தவர்களின் கதி நமக்குத் தெரியாததல்ல. தோட்டத்தில் வருமானம் குறைந்தால் அந்த ஊர் மளிகைக் கடையின் கணக்கிலும் அது தெரியும். சிற்றூர்களில் வங்கிக் கிளைகள் மூடப்படுவது குறித்து நாடாளுமன்ற மேலவைக் குழு ஒன்று விசாரித்து 2024இல் அறிக்கை கொடுக்கும் அளவுக்கு நிலைமை இருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில், நாளொன்றுக்குப் பத்து வண்டி வந்து நின்றால் ஒரு ரொட்டிக் கடையின் கதவு திறந்திருக்கும், நிற்காவிட்டால் சாத்தப்படும்.

ஒன்றுசேர்ந்தால் முடியாததில்லை என்பதற்குப் பரோசாவிலேயே சாட்சி உண்டு. நூரியூட்பா என்ற ஊரில், 1944இல் ஊர் மக்களே உறுப்பினர்களாகச் சேர்ந்து ஊரின் பெரிய கடையை விலைக்கு வாங்கிக் கூட்டுறவுக் கடையாக்கினார்கள். எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அது மளிகை, இரும்புச் சாமான் என்று பல பிரிவுகளோடு நடக்கிறது. அந்த நிறுவனங்கள் இரண்டும் நாடெங்கும் கிளை பரப்பிய காலத்திலும் அது அசையவில்லை.

கடைசியாக ஒன்று. வண்டிக்காரர்கள் நகரத்திலேயே எல்லாம் வாங்கிக்கொண்டு வந்து எங்கள் ஊரில் தண்ணீர் மட்டும் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று குறைபடும் கடைக்காரர்கள் அங்கே உண்டு. ஒயின் தோட்டக் கூடங்கள் பெரும்பாலும் மாலை ஐந்து மணிக்குத்தான் மூடுகின்றன. அதன் பிறகே வண்டிகள் ஊருக்குள் வருகின்றன. அந்த நேரத்தில் சிற்றூர்க் கடைகள் பலவற்றில் ஷட்டர் இறங்கிக்கொண்டிருக்கும். அறுவடைக் காலமான பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையாவது, வெள்ளி சனிகளில் ஏழு மணி வரை விளக்கு எரியட்டும். ரொட்டி மிச்சமாகிறதா தீர்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு குறை சொல்லலாம்.