சக்கரத்தை எண்ணுல தம்பி!

2025 மே மாதம். ஆபரேஷன் சிந்தூர் நடந்துகொண்டிருந்த நேரம். டிஜிட்டல் டெஸ்க்கில் ராத்திரி ஷிஃப்ட் முடித்துப் படுத்தவன், தூக்கம் வராமல் போனை நோண்டிக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். புழுதி பறக்க வரிசையாக டாங்கிகள். 'நம்ம ஆவடி அர்ஜுன் எல்லைக்குக் கிளம்பிடுச்சு' என்று கீழே ஒரு வரி. நம்ம ஊரு தயாரிப்பு என்றதும் ஒரு பெருமை. யோசிக்காமல் ஓட்டப்பிடாரத்துச் சொந்தக்காரர்கள் குரூப்பில் தட்டிவிட்டுத் தூங்கிவிட்டேன்.

விடிந்ததும் பெரியப்பாவிடமிருந்து போன். ராணுவத்தில் டாங்கிப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர்.

"ஏலே, அந்தப் படத்துல சக்கரத்தை எண்ணிப் பாத்தியா?"

"எதுக்கு பெரியப்பா?"

"எண்ணுல, சொல்லுதேன்."

எண்ணினேன். ஒரு பக்கத்துக்கு ஐந்து.

"அர்ஜுனுக்கு ஏழு. இது டி-55, பழைய வண்டி. எந்த ஊரு படமோ, எந்த வருசத்துப் படமோ! நீ பாட்டுக்கு அனுப்பிட்ட. மேலத்தெரு அத்தை அதைப் பாத்துட்டு ராத்திரி பூரா உக்காந்து அழுதிருக்கா, தெரியுமா?"

அத்தையின் மகனும் டாங்கிப் பிரிவில்தான் இருக்கிறான். 'கிளம்பிடுச்சு' என்ற ஒரு வார்த்தை அந்த வீட்டில் என்ன செய்யும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. படத்தை அழித்தேன். அத்தைக்கு போன் போட்டு மன்னிப்பு கேட்டேன். "உண்மை இல்லைன்னு சொல்லுதியே, அதுபோதும்யா" என்றார். அதற்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

படைகள் நகர்வதை நேரலையில் காட்ட வேண்டாம் என்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2025 ஏப்ரல் 26-ம் தேதியே ஊடகங்களுக்கு அறிவுறுத்தியிருந்தது. அதைப் படித்தவன்தான் நான். 'ஆர்மா 3' என்ற வீடியோ கேம் காட்சியைப் போர்க் காட்சி என்று பலர் பரப்பியபோது சிரித்தவனும் நான்தான். ஆனால், வீட்டு குரூப் என்றதும் கை தானாக ஓடிவிட்டது.

தீப்பெட்டி டாங்கி

அடுத்த வாரம் ஊருக்குப் போனேன். லீவுக்கு அக்கா மகன் வந்திருந்தான். ஏழாம் வகுப்பு. திண்ணையில் சாக்பீஸால் கோடு போட்டு ஒரு யுத்தமே நடத்திக்கொண்டிருந்தான். கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளைக்குத் தீப்பெட்டிக்கா பஞ்சம்? காலிப் பெட்டிதான் டாங்கியின் உடம்பு. ஊதுபத்திக் குச்சி பீரங்கிக் குழல். சட்டை பட்டன்தான் சக்கரம். சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியது சங்கிலிப் பட்டை. தலைப்பகுதியைக் கரிசல் மண்ணில் பிடித்துப் பார்த்தானாம். காய்ந்ததும் வெடித்துவிட்டதால், காகிதக்கூழுக்கு மாறிவிட்டான்.

ஸ்கேல் வைத்து அளந்து நகர்த்த வேண்டும். குண்டு பட்டதா, இல்லையா என்பதைத் தாயக்கட்டை சொல்லும். வெளிநாடுகளில் இதை 'வார்கேமிங்' என்கிறார்கள். 1824-ல் பிரஷ்யா ராணுவம் அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்கவே இப்படி ஒரு மேஜை விளையாட்டை எடுத்துக்கொண்டது. 1913-ல் எழுத்தாளர் ஹெச்.ஜி.வெல்ஸ், பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆட விதிகள் எழுதி ஒரு புத்தகமே போட்டார். நமக்கு இது புதுசா என்ன? கல்லில் கோடு கிழித்து ஆடுபுலி ஆடிய கூட்டம்தானே நாம்!

பொம்மை என்று இதை ஒதுக்கிவிடவும் முடியாது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ல், அமெரிக்கக் கடற்படை பள்ளிப் பிள்ளைகளிடம் 5 லட்சம் மாதிரி விமானங்கள் செய்து தரச் சொன்னது. எது நம்முடையது, எது எதிரியுடையது என்று வீரர்கள் பார்த்ததும் சொல்லப் பழக வேண்டும், அதற்காக. டாங்கிகளுக்கும் அப்படிச் சின்ன மாதிரிகள் இருந்தன.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரியப்பா திண்ணையிலேயே வகுப்பு எடுத்துவிட்டார். மூன்றே கேள்விகள்.

முதல் கேள்வி, ஒரு பக்கம் எத்தனை சக்கரம்? அர்ஜுனுக்கு ஏழு. அஜேயா என்று நாம் அழைக்கும் டி-72, பீஷ்மா என்கிற டி-90, பழைய விஜயந்தா மூன்றுக்கும் ஆறு. டி-55-க்கு ஐந்து. அதிலும் முதல் சக்கரத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் பளிச்சென்று ஓர் இடைவெளி தெரியும்.

இரண்டாவது, சுழலும் தலைப்பகுதி எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது? நடுவில் தட்டையாக, கவிழ்த்த சட்டி மாதிரி இருந்தால் டி-72 வகை. பெரிய பெட்டி மாதிரி மூலைகளோடு இருந்தால் அர்ஜுன். பின்பக்கம் தள்ளி உயரமாக இருந்தால் அது டாங்கியாகவே இல்லாமல் இருக்கலாம். குஜராத் மாநிலம் ஹசிராவில் தயாராகும் கே-9 வஜ்ரா அப்படித்தான். அது தூரத்தில் நின்று சுடும் நகரும் பீரங்கி.

மூன்றாவது, குழல் எவ்வளவு தடிமன்? அர்ஜுனுக்கு 120 மில்லிமீட்டர், டி-90-க்கு 125. குச்சி போல ஒல்லியாக இருந்தால் பி.எம்.பி-2 ஆக இருக்கலாம். வெறும் 30 மில்லிமீட்டர்தான். வீரர்களை ஏற்றிச் செல்லும் வண்டி அது. சங்கிலியில் ஓடுவதெல்லாம் டாங்கி இல்லை!

"தப்பா சொன்னா என்ன பெரியப்பா, பேருதானே?" என்று கேட்டான் மருமகன்.

பெரியப்பா 1971-ஐ எடுத்தார். நம்மிடம் சோவியத் டி-55. பாகிஸ்தானிடம் சீனாவின் டைப் 59. இரண்டும் ஒரே குடும்பம், அச்சு அசல் ஒரே முகம். புழுதியிலும் புகையிலும் நம்ம வண்டியை நாமே சுட்டுவிட்டால்? அதற்கு நம் ராணுவம் ஓர் எளிய வேலை செய்தது. டி-55 குழலின் நுனியில், குண்டு வெடித்த புகை உள்ளே திரும்பாமல் தடுக்கும் ஓர் உருளை இருக்கும். நம்மவர்கள் குழலின் நடுவில் பொய்யாக இன்னொரு உருளையை மாட்டினார்கள். அதைப் பார்த்தால் 'நம்ம ஆளு'. அவ்வளவுதான்.

1991 வளைகுடாப் போரில் கூட்டுப் படைகளும் தங்கள் வண்டிகளில் தலைகீழ் 'வி' குறி வரைந்துகொண்டன. அப்படியும் அந்தப் போரில் களத்தில் இறந்த 148 அமெரிக்க வீரர்களில் 35 பேர், தங்கள் தரப்பு சுட்டதில் இறந்தவர்கள். மருமகன் அதற்கப்புறம் பேசவில்லை. பட்டன்களைத் திரும்ப எண்ண ஆரம்பித்துவிட்டான்.

உங்க வீட்டுல செய்யணுமா?

கடையில் வாங்குவது என்றால் முதலில் அளவு பாருங்கள். குழலோடு சேர்த்து அர்ஜுன் 10.6 மீட்டர் நீளம். 1/35 அளவு மாடல் என்றால் 30 சென்டிமீட்டர், பிள்ளைகளின் பெரிய ஸ்கேல் நீளம். அலமாரியில் வைக்க அழகு, விளையாட இடம் போதாது. 1/72 என்றால் சுமார் 15 சென்டிமீட்டர். 1/100 என்றால் கணக்கே வேண்டாம், ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர். திண்ணை யுத்தத்துக்கு இதுதான் தோது.

பல நாடுகள் ஓட்டிய டி-55, டி-72, சென்சூரியன், பேட்டன் மாடல்கள் ஆன்லைனில் தேடினால் கிடைக்கும். விஜயந்தா மாதிரி ஆவடி வண்டிகளைப் பிடிப்பதுதான் சிரமம். 1965-ல் முதல் விஜயந்தா வெளியே வந்தது ஆவடி தொழிற்சாலையில் இருந்துதான். டி-55 வாங்கினால் குழல் நடுவில் ஒரு துண்டு காகிதத்தைச் சுற்றி ஒட்டுங்கள். 1971-ன் இந்திய டாங்கி ரெடி. வாங்க வசதி இல்லையா, தீப்பெட்டி இருக்கிறது. பெட்டி காலியா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நானும் அன்று ஒன்று செய்தேன். பழைய சட்டையில் பட்டன் பிய்த்து ஒட்டி, பெருமையாக நீட்டினேன். மருமகன் வாங்கித் திருப்பிப் பார்த்தான்.

"என்ன வண்டி மாமா இது?"

"அர்ஜுன்டா!"

"இந்தப் பக்கம் ஆறுதான் இருக்கு."

பட்டன் தீர்ந்துவிட்டது என்று சமாளித்தேன். அவன் விடவில்லை. அத்தை வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு பட்டன் வாங்கி வந்தான். அத்தையும் பின்னாலேயே வந்து, ஒட்டி முடிக்கும் வரை நின்று பார்த்தார். "எம்மவன் வண்டியிலயும் இத்தனைதானா?" என்று கேட்டு, ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார்.

இப்போதெல்லாம் ஃபார்வர்டு பட்டனைத் தொடுவதற்கு முன் அந்த விரல்தான் ஞாபகத்துக்கு வருகிறது.